எந்த வட்டம் என்று கேட்ட அப்பாவுக்கு

கிரில்லோவ்,
பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் மாப்பிள்ளையும் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்தே காலத்தை ஓட்டாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

போன ஞாயிறு போனில் நீங்கள் கேட்டது அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. "அதெல்லாம் சரிம்மா, கிரில்லோவ் எந்த வட்டம்? தாசில்தார் ஆபீஸ் எங்க இருக்கு?" சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். லால்குடி வட்டத்தில் காலமெல்லாம் அடங்கலும் சிட்டாவுமாக வேலை பார்த்தவருக்கு "ரஷ்யாவில் ஒரு ஊர்" என்ற பதில் போதாதுதான்.

நம் மாநிலத்தின் இடத்தில் இங்கே ஒப்லாஸ்த். எங்களுடையது வோலக்தா ஒப்லாஸ்த், 1,44,500 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடப் பெரியது, ஜனமோ பதினொரு லட்சம் சொச்சம்தான். அதற்குக் கீழே ரயோன். அதை வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அளவைக் கேட்டால் வைத்துக்கொள்ள மாட்டீர்கள். எங்கள் கிரில்லோவ் ரயோன் சுமார் 5,400 சதுர கிலோமீட்டர், திருச்சி மாவட்டத்தைவிடப் பெரிது. 2010 கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் பதினாறாயிரம் பேர் அளவில். இப்போது அதுவும் இல்லை. அதில் பாதிப்பேர் கிரில்லோவ் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். சமயபுரத்தில் ஒரு அமாவாசைக் கூட்டத்தை எடுத்து திருச்சி ஜில்லா முழுக்கத் தூவினால் எப்படியோ அப்படி. ரயில் கிடையாது. வோலக்தா நகரத்துக்குப் பேருந்தில் ஏறினால் 130 கிலோமீட்டர், பாதிக்கு மேல் காடு.

ஆள் வராத ஊர் என்பதால்தான் நாங்களே இங்கே வந்தோம். கிராமத்துக்கும் சின்ன ஊருக்கும் வேலைக்கு வரும் டாக்டருக்கு அரசாங்கம் பத்து லட்சம் ரூபிள் கொடுக்கிற திட்டம் 2012இலிருந்து இருக்கிறது. மாப்பிள்ளை அதில் கையெழுத்துப் போட்டு வந்தவர், ஐந்து வருஷம் நகர முடியாது. நான் அவர் பின்னால் வந்தேன், மறுவாரமே எனக்கும் ஒரு ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுத்துவிட்டார்கள்.

தாசில்தார் இல்லை அப்பா. 'கிளவா' என்று ஒருவர் உண்டு, 'தலை' என்று அர்த்தம். சாலை, பள்ளிக்கூடம், பனி அள்ளுவது எல்லாம் அவர் பாடு. ஆனால் நிலக் கணக்கு அவரிடம் கிடையாது, அது மாஸ்கோவுக்குக் கட்டுப்பட்ட தனித் துறை. பட்டா கையில் இல்லாத தாசில்தார் என்ன தாசில்தார் என்று நீங்கள் கேட்பது இங்கே வரை கேட்கிறது. ரயோனுக்குக் கீழே முன்பு கிராம மன்றங்கள் இருந்தன: கோரித்ஸிக்கு ஒன்று, ஃபெரபோந்தவோவுக்கு ஒன்று, வடக்கே சரோஸெரோவுக்கு ஒன்று என்று. 2019இல் மத்தியச் சட்டம் ஒன்று இவற்றையெல்லாம் கலைத்து ஒரே நிர்வாகமாக்கிக்கொள்ள வழி விட்டது, எங்கள் பக்கம் 2022இல் அப்படியே செய்துவிட்டார்கள். பெயரும் ரயோன் போய் 'ஓக்ருக்' ஆனது. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 1980இல் கர்ணம், மணியம் பதவிகளெல்லாம் ஒரே நாளில் போனபோது தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சை நீங்கள் நடித்துக் காட்டுவீர்களே, அதே பேச்சை இங்கே ரஷ்ய மொழியில் கேட்கிறேன்.

ரயோன் வந்த கதை உங்களுக்குப் பிடிக்கும். 1397இல் கிரில் என்ற துறவி சீவெர்ஸ்கொயே ஏரிக்கரையில் குகை தோண்டி உட்கார்ந்தார். அது வளர்ந்து பெரிய மடமானது, ஜார் மன்னர்கள் கொடுத்த நிலமும் குடிகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. 1764இல் இரண்டாம் கேத்தரின் மடத்து நிலங்களையெல்லாம் அரசுக்கு எடுத்துக்கொண்டார். நம் இனாம் ஒழிப்பு மாதிரிதான், என்ன, ரயத்துக்குப் பட்டா கொடுக்கவில்லை. மதிலுக்கு வெளியே இருந்த குடியிருப்பை 1776இல் நகரம் என்று அறிவித்தார். கிரில்லின் ஊர், கிரில்லோவ். அப்புறம் ஆரம்பித்தது கூத்து. முதலில் நோவ்கொரோத் மாகாணம், 1918இல் செரபோவெத்ஸ் மாகாணம், 1927இல் ரயோனாகி லெனின்கிராத் ஒப்லாஸ்த், 1937இல் வோலக்தா. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. 1995இல் பெரம்பலூரைப் பிரித்தபோது உங்கள் ஆபீஸில் பதிவேடுகளை மூட்டை கட்டியதாக நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது.

பூமி எப்படி என்றால், தண்ணீரும் காடும் போக மிச்சம்தான் ஊர். மடத்து மதிலுக்குக் கீழேயே ஏரி. அதை மேற்கே ஷெக்ஸ்னா ஆற்றோடு இணைத்து 1825க்கும் 1828க்கும் நடுவில் ஒரு கால்வாய் வெட்டினார்கள். நம் புள்ளம்பாடி வாய்க்கால் போலப் பாசனத்துக்கு இல்லை, படகு போக. ஷெக்ஸ்னா வோல்காவில் சேர்ந்து தெற்கே காஸ்பியன் கடலுக்குப் போகிறது. கால்வாயின் கிழக்கு முனைக்குப் போனால் தண்ணீர் குபென்ஸ்கொயே ஏரி, சுகோனா, த்வினா என்று வடக்கே வெண்கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள மேடு எங்கள் எல்லைக்குள். ஓட்டு வீட்டின் முகடு போல, மழை எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தக் கடல். மேட்டைப் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றும் தெரியவில்லை, சதுப்பும் கொசுவும்தான்.

1964இல் வோல்கா-பால்டிக் நீர்வழிக்காக ஷெக்ஸ்னாவைத் தேக்கியதில் கரையோர நிலம் நிறைய முங்கியது. பக்கத்து ரயோனில் குரோகினோ என்ற இடத்தில் தண்ணீருக்கு நடுவே ஒரு மாதா கோவில் இடிந்து நிற்கிறது. மேட்டூர் வற்றும்போது தெரிகிற கோபுரத்தை நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

ஃபெரபோந்தவோவைப் பற்றி அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன். 1502இல் தியோனிசி என்ற ஓவியரும் பிள்ளைகளும் சுவர் முழுக்கத் தீட்டிய கோவில். சித்தன்னவாசல் போல நிழல் விழுந்த நிறம் இல்லை, நீலம் இன்னும் நீலமாகவே இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். எனக்குப் பத்து வயசு இருக்கும், உங்கள் டிவிஎஸ் 50இல் பின்னால் உட்கார்ந்து பைமாஷ், அதாவது நில அளவை, பார்க்க வந்தேன். கருவேலங்காடாகக் கிடந்த இடத்தைக் காட்டி, "இது பேச்சிராக் கிராமம். கணக்குல ஊரு, நேர்ல யாருமில்ல" என்றீர்கள். சிராக் என்றால் பாரசீகத்தில் விளக்கு, பேச்சிராக் என்றால் விளக்கில்லாதது என்றும் சொன்னீர்கள். இருபது வருஷம் கழித்து அந்தச் சொல் எனக்கு இங்கே வேலைக்கு ஆகும் என்று யார் நினைத்தது? இங்கே கிராமப் பட்டியலை எடுத்தால் பெயர், பெயருக்கு எதிரே 0. அடுத்தது, 0. அடுத்தது, 2. பெயரை நீக்குவதற்கு ஒப்லாஸ்த் வரை போக வேண்டும், அதனால் பெயர் கிடக்கிறது. வடக்கே வோஜே ஏரிக்கரையில் சரோந்தா என்று ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் நகர அந்தஸ்து பெற்ற ஊர் அது. இன்று சாலைகூட இல்லை, இடிந்த கோவிலும் சில மரவீடுகளும். கோடையில் படகில்தான் போக முடியும்.

போன வியாழன் முகாமுக்காகச் சரோஸெரோ பக்கம் போனோம். மைனஸ் 27. வண்டி ஓரமாகச் சறுக்கிப் பனியில் உட்கார்ந்துவிட்டது. டிரைவரும் நானும் மண்வெட்டியால் அள்ளி அள்ளிப் பார்த்து, கடைசியில் மரம் ஏற்றி வந்த லாரிக்காரர்தான் கயிறு போட்டு இழுத்தார். போய்ச் சேர்ந்த கிராமத்தில் வீடுகளுக்கு இன்னும் எண் பலகை இருக்கிறது, 1லிருந்து 23 வரை. வாசற்படிகளில் காலடி படாத பனி ஜன்னல் வரை ஏறியிருந்தது. 14ஆம் எண்ணுக்கு மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குப் பாதை. ஒரு பாட்டி, ஓர் ஆடு, அடுப்பு மேடையில் படுக்கை. வாரத்துக்கு ஒருமுறை கடை வண்டி வரும், ரொட்டியும் தேயிலையும் வாங்கிக்கொள்வாராம். இரத்த அழுத்தம் 180. மாத்திரை இருந்தது, ஒழுங்காகப் போடுவதில்லை. "மறந்துபோகிறது, ஞாபகப்படுத்த யார் இருக்கிறார்கள்?" என்றார். காலண்டரில் ஒவ்வொரு தேதியின் மேலும் ஒரு மாத்திரையை ஒட்டுத்தாளில் ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கிளம்பும்போது எங்கப்பா கிராமக் கணக்குக்காரர் என்று சொல்லி, உங்கள் சொல்லையும் அர்த்தத்தையும் சொன்னேன். மேலே தொங்கிய பல்பைப் பார்த்தார். கரண்ட்காரர்கள் இந்த ஒரு மீட்டருக்காக எட்டுக் கிலோமீட்டர் கம்பி பார்க்க வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்வார்களாம். "உன் அப்பாவிடம் சொல், இன்னும் எரிகிறது" என்றார். சொல்லிவிட்டேன்.

உங்கள் ஊரில் எத்தனை வீடு என்றும் கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை, ஆயிரம் இருக்குமா? எழுதுங்கள், மார்ச்சில் மறுபடி போகிறேன். கவர் மேல் ஒட்ட ரஷ்ய எழுத்தில் முகவரி நாலு துண்டு வைத்திருக்கிறேன். பின்கோடு 161100, அதை மட்டும் மறக்காமல் போடுங்கள். சுண்டைக்காய் வற்றல் அனுப்புவதாக இருந்தால் பொட்டலத்தை இரண்டு கவராகப் போடச் சொல்லுங்கள், போன முறை மிளகாய்ப்பொடியோடு கலந்து வந்தது.

இப்படிக்கு,
உங்கள் மகள்
தேன்மொழி