பாதி காணோமா, எண்ணும் முறை மாறியதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தான்சானியாவின் செரெங்கெட்டி புல்வெளி பற்றி உங்கள் இதழில் வந்தது நல்ல கட்டுரைதான், ஆனால் 'பாதிக்கு மேல் காணோம்' என்று போட்ட தலைப்பு சரியில்லை. தான்சானியாவுக்கும் கென்யாவுக்கும் இடையே வருடாவருடம் இடம்பெயரும் வைல்ட்பீஸ்ட் (மாடு போலத் தோன்றும் பெரிய மான்) கூட்டம் சுமார் 13 லட்சம் என்று பல காலமாகச் சொல்லிவந்தார்கள். 2022, 2023இல் எடுத்த செயற்கைக்கோள் படங்களைக் கணினியை விட்டு எண்ணிப் பார்த்தால் 6 லட்சம்கூடத் தேறவில்லை. அதுவரை சரி. மீதியெல்லாம் செத்துவிட்டதாக அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லையே, நாம் எதற்கு முந்திக்கொள்ள வேண்டும்?

பழைய கணக்கு எப்படி வந்தது என்றும் நாலு வரி எழுதியிருக்கலாம். சின்ன விமானத்தில் இடைவெளி விட்டு நேர்கோட்டில் பறந்து கீழே படம் எடுத்துக்கொண்டே போவார்கள், அப்புறம் அந்தப் படங்களில் இருப்பதை ஒவ்வொன்றாக எண்ணி, பறக்காத இடத்துக்கும் சேர்த்துப் பெருக்கிச் சொல்வார்கள். இந்த மிருகமோ சீராகப் பரவி மேயாது. ஓரிடத்தில் மொய்க்கும், பக்கத்திலேயே ஒன்றுகூட இருக்காது. விமானம் பெரிய கூட்டத்தின் மேல் போனால் மொத்தம் எகிறும், கொஞ்சம் தள்ளிப் போனால் சரியும். செயற்கைக்கோளில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் மரத்தடியில் ஒதுங்கியது தெரியாது, வெட்டவெளியில் நிற்பதுகூடப் படத்தில் சில புள்ளிகள்தான். இரண்டு தராசில் நிறுத்துவிட்டு எடை குறைந்துவிட்டது என்பதா?

அதே தான்சானியாவின் செலூஸ் வனவிலங்குக் காப்பகத்தில் 1976இல் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த யானைகள் 2013இல் 13,000 சொச்சம் என்றார்களே, அது வேறு. யானைக் கணக்கெடுப்பில் உயிரோடு நிற்பதை மட்டும் எண்ணுவதில்லை, செத்துக் கிடப்பதையும் எண்ணுவார்கள். தோலும் சதையும் இருந்தால் புதுசு, எலும்பு வெளுத்துச் சிதறியிருந்தால் பழசு என்று தனித்தனியாகக் குறிப்பார்கள். சாவு வழக்கத்தைவிட அதிகமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வைல்ட்பீஸ்ட் நிஜமாகவே அழிந்த இடம் வேண்டுமென்றால் அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது. கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தை ஒட்டிய லொய்தா சமவெளியில் அவை குட்டி போடும் நிலத்தைக் கோதுமை வயலாக்கினார்கள். 1970களின் கடைசியில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த அந்தப் பகுதிக் கூட்டம் 20 வருடத்தில் 22,000 அளவுக்கு இறங்கிவிட்டது. அங்கே இடையில் எண்ணும் முறை மாறவில்லை. அதைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்கள், தலைப்பு எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி