சளிக்கு ஆன்டிபயாடிக் எதற்கு?

ஆசிரியருக்கு,

போன வாரம் என் மகனுக்கு ஜலதோஷம். நான்காம் நாள் கைக்குட்டையில் சளி பச்சையாக இருந்ததைப் பார்த்ததும், 'ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்கள்' என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் தொண்டையைப் பார்த்தார், காதுக்குள் விளக்கடித்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அப்புறம், 'தேவையில்லை' என்று சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனால் அவர் சொன்ன காரணம் சரி. ஜலதோஷத்தைக் கொடுப்பவை 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள். ரைனோவைரஸில் மட்டுமே 150-க்கும் மேல் வகைகள். ஒன்றை உடம்பு ஜெயித்தால் அடுத்தது வரும். தடுப்பூசி வராததற்கும் அது ஒரு முக்கியக் காரணம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் தாக்கும், வைரஸைத் தொடாது. பச்சை நிறமோ, கிருமியோடு மல்லுக்கட்டிய வெள்ளை அணுக்களின் நொதியால் வருவது. (அதைப் பார்த்து என்னைப்போல் எத்தனை பேர் பயந்திருப்பார்களோ!)

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, நல்ல ஓய்வு. அவ்வளவுதான் சிகிச்சை. பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் சரியாகிவிடும். இருமல் மட்டும் இன்னும் சில நாள் இழுக்கலாம். மூச்சு வாங்கினாலோ, காது வலித்தாலோ, விட்ட காய்ச்சல் மறுபடி ஏறினாலோ உடனே வரச் சொன்னார்.

இதையெல்லாம் விளக்க அவருக்கு 5 நிமிடம் ஆனது. மாத்திரை எழுதியிருந்தால் அரை நிமிடத்தில் அனுப்பியிருக்கலாம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதைக் கட்டம் கட்டிப் போட்டால் டாக்டர்களுக்கு அந்த நேரம் மிச்சமாகும்.

- ஒரு வாசகர்