கோத்தோங் ரோயோங் அன்னிக்கு கெண்டீன் பைப்புல வந்த நுரை: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

வணக்கம் பெற்றோர்களே,

சனிக்கிழமையிலேருந்து வாட்ஸ்அப் குருப்புல ஓடுற கதையெல்லாம் நானும் படிச்சிக்கிட்டுதான் இருக்கேன். ஸ்கூல் தண்ணியில விஷம் கலந்துருச்சாம்னு ஒருத்தர், ரெண்டு பிள்ளைங்கள ஆஸ்பத்திரிக்கு கொண்டு போய்ட்டாங்களாம்னு இன்னொருத்தர். அப்படி எதுவும் இல்ல, எந்தப் பிள்ளையும் குடிக்கல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதுக்காக ஒண்ணுமே நடக்கலன்னு மூடி மறைக்கவும் எனக்கு மனசு வரல. நடந்தத நடந்தபடியே எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பசியாறிட்டு நிதானமா உக்காந்து படிங்க.

சனிக்கிழமை கோத்தோங் ரோயோங், அதான் எல்லாரும் சேந்து ஸ்கூல சுத்தம் பண்ற வேலை, அன்னிக்கு மேட்டுல இருக்குற ஆம்பள பிள்ளைங்க டாய்லெட்ட கழுவுறதுக்கு நீல டிரம்முல குளோரொக்ஸ் பிளீச்சும் தரை கழுவுற சோப்பும் கலந்து வச்சிருந்தாங்க. தோட்டத்து பைப்புல ஹோஸ மாட்டி, நுனி துள்ளி வெளிய விழுந்துடக் கூடாதுன்னு டிரம்மோட அடி வரைக்கும் முக்கிவிட்டு மேல ஒரு செங்கல்லையும் வச்சாங்க. செங்கல் வச்ச அப்பாவ குருப்புல ஆளாளுக்குத் திட்டுறீங்க, தயவுசெஞ்சு நிறுத்துங்க, நான் பக்கத்துலயேதான் நின்னேன், பாத்துட்டுப் பேசாமத்தான் போனேன், எங்க வீட்டுலயும் மீன் தொட்டிக்கு அப்படித்தான் போடுவோம்.

பத்தரை வாக்குல தண்ணி நின்னுருச்சு. ரோட்டோரம் பைப் உடைஞ்சு அடைச்சு வச்சிருக்காங்கன்னு அப்புறம்தான் தெரியும். கெண்டீன்ல குவளை கழுவிக்கிட்டு இருந்தவங்க தண்ணி வரலன்னதும் பைப்ப தொறந்தபடியே விட்டுட்டு பேச வந்துட்டாங்க. கெண்டீன் பள்ளத்துல இருக்கு, டிரம் மேட்டுல. கொஞ்ச நேரத்துல அந்தப் பைப்புல நூல் மாதிரி தண்ணி வர ஆரம்பிச்சது. அம்மாகூட வந்திருந்த நாலாம் ஆண்டு பையன் ஒருத்தன் "தண்ணி வந்துருச்சு"ன்னு கத்திக்கிட்டே பாட்டில எடுத்துட்டு ஓடினான். நல்ல வேளை, புடிச்சவன் வாயில வைக்கல, மோந்து பாத்துட்டு நேரா என்கிட்ட கொண்டாந்து "டீச்சர், தண்ணி டாய்லெட் வாசம் வருது"ன்னான். பாட்டில ஆட்டினா ஒரு விரல் கடைக்கு நுரை நிக்குது. மேல ஓடிப் போய்ப் பாத்தா டிரம்முல பாதிதான் இருக்கு, அடியில ஓட்டை இல்ல, யாரும் மொண்டு எடுக்கவும் இல்ல, டிரம்முக்குள்ள சுத்தி வெள்ளையா சோப்புக் கோடு மட்டும் நிக்குது.

பைப்புத் தண்ணி வெளியிலேருந்து உள்ள வரும், திரும்பிப் போகாதுன்னு நம்ம எல்லாருக்கும் ஒரு நெனப்பு. தண்ணிக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் கெடையாது, எந்தப் பக்கம் அழுத்தம் கொறையுதோ அந்தப் பக்கம் ஓடிரும். மோட்டார் சைக்கிள்லேருந்து டியூப் வச்சு பெட்ரோல் இழுத்தவங்களுக்கு நான் வெளக்க வேணாம், நுனி முங்கி இருந்து இன்னொரு நுனி கீழ இருந்தா ஒரு தடவ இழுத்து விட்டா போதும், அப்புறம் அது தானா ஓடும். மெயின் பைப்புல அழுத்தம் போனப்போ அந்த இழுப்ப குடுத்தது பைப்புதான், ஹோஸ் வழியா டிரம் தண்ணி நம்ம ஸ்கூல் பைப்புக்குள்ள வந்து, அங்கேருந்து கெண்டீனுக்கு எறங்கிருச்சு. கெண்டீன் பைப் மட்டும் மூடியிருந்தா அது ஸ்கூல் கேட்ட தாண்டி ரோட்டுப் பைப்புக்கே போயிருக்கலாம், பக்கத்து தாமான் (குடியிருப்பு) வீட்டுக் குசினி பைப்ப தொறந்தா நம்ம குளோரொக்ஸ். அத நெனச்சு எனக்கு ரெண்டு நாள் தூக்கமே இல்ல.

இது பெரிய பெரிய எடத்துலயே நடந்திருக்கு. 1969ல அமெரிக்காவுல ஹோலி கிராஸ் காலேஜ் ஃபுட்பால் டீம்ல கிட்டத்தட்ட 90 பேருக்கு மஞ்சக்காமாலை வைரஸ் தொத்திருச்சு, ரெண்டே ஆட்டத்தோட அந்த சீசனையே கேன்சல் பண்ணிட்டாங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு தேடினா, திடலுக்கு தண்ணி பாய்ச்சுற பைப் இருக்குற குழியில அழுக்குத் தண்ணி தேங்கி இருந்திருக்கு, காமாலை வந்த சின்னப் பிள்ளைங்க அங்க வெளையாடியிருக்காங்க. கொஞ்ச தூரத்துல தீப்பிடிச்சு பொம்பா (தீயணைப்பு) ஆளுங்க நெறைய தண்ணி எடுத்ததுல மெயின் பைப்புல அழுத்தம் எறங்கி, குழித் தண்ணி குடிதண்ணி பைப்புக்குள்ள உறிஞ்சப்பட்டுருச்சு, பிராக்டிஸ் முடிச்ச பசங்க அதத்தான் குடிச்சிருக்காங்க. தீ எங்கயோ, காமாலை எங்கயோ பாருங்க. 2007ல பின்லாந்துல நொக்கியான்னு ஒரு ஊர்ல (ஆமா, போன் கம்பெனிக்கு அந்த ஊர் பேருதான்) சுத்திகரிச்ச சாக்கடைத் தண்ணி பைப்பையும் குடிதண்ணி பைப்பையும் சேத்து வச்சிருந்த ஒரு வால்வ தொறந்து விட்டதுல ஆயிரக்கணக்கான பேருக்கு வயித்துப்போக்கு.

நம்ம பினாங்குல தண்ணி நிக்கிறது ஒண்ணும் புதுசு இல்ல. 2024 ஜனவரியில சுங்கை டுவா தண்ணி சுத்திகரிப்பு நிலையத்துல பெரிய வால்வு மாத்துறதுக்காக நாலு நாள் அடைச்சு வச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், வீட்டுல இருந்த வாளி, அண்டா, ஐஸ் பெட்டி வரைக்கும் ரொப்பி வச்சோம். அப்போ எத்தன வீட்டுல பைப்ப தொறந்தபடியே ஹோஸ வாளிக்குள்ள போட்டுட்டு, வந்தா தானா ரொம்பட்டும்னு தூங்கப் போனோம்? நான் போனேன். தண்ணி நிக்கிறப்பத்தான் பைப்பு இழுக்கும், அந்த நேரத்துலதான் நம்ம ஹோஸும் வாளிக்குள்ள கெடக்கும்.

வீட்டுல பாருங்க, டாய்லெட்ல கழுவுற சின்ன ஹோஸ் இருக்குல்ல, அது கொக்கி உடைஞ்சு வாளியிலயோ கிண்ணியிலயோ தொங்கிக்கிட்டு இருந்தா இன்னிக்கே மாட்டுங்க, பாதி வீட்டுல அப்படித்தான் கெடக்குன்னு பந்தயம் கட்டுறேன். பூச்செடிக்கு களைக்கொல்லி கலக்குறவங்க, எஸ்டேட்டுல மருந்தடிச்ச நம்ம அம்மா பாட்டிங்களுக்கு அந்த மருந்தோட கொணம் நல்லாவே தெரியும், அந்த டப்பாவுக்குள்ள ஹோஸ விடவே விடாதீங்க, குவளையில மொண்டு ஊத்துங்க. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைப் பாதையில பந்தல் போடுற பெற்றோர்களும் நம்மகிட்ட இருக்கீங்க, சீராப் (செகப்பு சர்பத்) கலக்குற டிரம்முல ஹோஸ் முங்காம மேல தொங்கவிடுங்க, முருகன் பாத்துக்குவாருன்னு விட்டுடாதீங்க.

எவ்வளவு மேலன்னா, பைப்போட வாய் அகலத்துக்கு ரெண்டு மடங்கு, எப்படியும் ஒரு இஞ்சுக்கு கொறையக் கூடாதுன்னு பிளம்பருங்க கணக்கு. நம்ம ஸ்கூல்ல ஒரு சாண்னு வச்சிட்டோம், பிள்ளைங்களுக்கு அளக்க சுலபம். நடுவுல காத்து இருந்தா பைப்பு காத்தத்தான் உறிஞ்சும். இதுக்கு ஈடா எந்த மெஷினும் கெடையாது, இதுக்கு காசும் செலவில்ல.

ஒரு அப்பா போன் பண்ணி, மாடியில தண்ணி ஏறலன்னு மெயின் பைப்புலயே நேரா பம்ப் மாட்டிருக்கேன், அதுல ஒண்ணும் இல்லையே டீச்சர்னு கேட்டார். இருக்கு சார். அந்த பம்ப் அக்கம்பக்கத்து வீட்டுப் பைப்பையும் சேத்து இழுக்கும், அவங்க ஹோஸ் எதுல முங்கி இருக்கோ அது உங்க குவளைக்கே வரலாம். மொதல்ல டேங்குல விழட்டும், டேங்குலேருந்து பம்ப் போடுங்க. வாசல்ல பெரிய ஃபில்டர் மாட்டிருக்கோம், காய்ச்சித்தான் குடிக்கிறோம்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை, காய்ச்சினா கிருமி சாகும், களைக்கொல்லி சாகாது, மணல் ஃபில்டர் சேறத்தான் புடிக்கும்.

ஸ்கூல்ல என்ன செஞ்சோம்னா, அன்னிக்கே எல்லா பைப்பையும் தொறந்து வாசமும் நுரையும் போற வரைக்கும் ஓடவிட்டோம், தண்ணி இலாகாவுக்கும் சொல்லியாச்சு, திங்கக்கிழமை பிள்ளைங்கள வீட்டுலேருந்து தண்ணி கொண்டு வரச் சொன்னது அதுக்குத்தான். பி.ஐ.பி.ஜி. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) காசுல ஹோஸ் மாட்டுற அஞ்சு பைப்புக்கும் வாயில திருகுற வால்வு வாங்கி மாட்டியாச்சு, பைப்பு உறிஞ்ச ஆரம்பிச்சா அது காத்த உள்ள விட்டு இழுப்ப உடைச்சிரும். தோட்டத்துக்குப் போற லைன்ல பித்தளையில இஞ்ஜாப் செஹாலா ஒண்ணு, தண்ணிய ஒரே பக்கம்தான் விடும், ஹார்ட்வேர் கடையில அந்தப் பேரச் சொன்னா எடுத்துக் குடுப்பாங்க. ஆனா உள்ள மணல் மாட்டினா அது சரியா மூடாது, மாட்டிட்டோம்னு மறந்துடக் கூடாதுன்னு பிளம்பர் ரெண்டு தடவ சொல்லிட்டுப் போனார்.

புதன்கிழமை அஞ்சாம் ஆண்டு பிள்ளைங்களுக்கு இத செஞ்சே காட்டினோம். மேசை மேல ஒரு ஜாடி சீராப், கீழ ஒரு காலி வாளி, நடுவுல கண்ணாடி மாதிரி தெரியுற டியூப். செகப்பா மேல ஏறி வளைஞ்சு கீழ எறங்கினப்போ ஒரே சத்தம். அப்புறம் ஜாடியில முங்கி இருந்த டியூப் நுனிய சீராப்புக்கு ஒரு விரல் மேல தூக்கினதும் டக்குன்னு நின்னுச்சு. ஒரு பொண்ணு கேட்டா, "டீச்சர், அப்போ ஸ்கூல் மீன் தொட்டி தண்ணியும் நம்ம குடிச்சிருக்கோமா?" பதில் சொல்ல வரல, அப்படியே போய் மீன் தொட்டி ஹோஸ எடுத்து ஆணியில மாட்டிட்டு வந்தேன்.

பாட்டில கொண்டு வந்த பையனுக்கு வர்ற திங்கக்கிழமை சபையில பரிசு உண்டு, அவன்கிட்ட இப்பவே சொல்லிடாதீங்க.

அடுத்த கோத்தோங் ரோயோங் வர்ற சனிக்கிழமை காலையில 8 மணிக்கு. பைப் வேலை தெரிஞ்ச அப்பாங்க ரெண்டு பேர் ஸ்பேனரோட வந்தா மாடி டேங்குல மெதவை வால்வோட வாய் தண்ணிக்கு மேல நிக்குதான்னு ஏறிப் பாக்கணும். அப்புறம் அந்த பச்சை ஹோஸ், நுனியில செகப்பு டேப் சுத்தினது, யாரோ வீட்டுலேருந்து கொண்டு வந்ததுதான், நல்லா கழுவி ஆபிஸ்ல வச்சிருக்கோம், ஜாகா (காவலாளி) ஐயாகிட்ட சொல்லிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க.

இப்படிக்கு,
உங்க தலைமையாசிரியை