மச்சானுக்கு, மதுரைல இருந்து

டேய் மச்சான்,

ஆறு மாசமா ஒரு போன் கூட பண்ணல, திட்டணும்னா திட்டிக்க. அம்மா நல்லா இருக்காங்க, மூட்டுவலி மட்டும் அப்படியே. குண்டுக்கு ரெண்டாவதும் பொண்ணு. உன் காசு இன்னும் வரலதான?

எழுத உக்காந்ததுக்கு காரணம் வேற. போன செவ்வாக்கெழம சாயங்காலம் செம மழை, ஏரியா பூரா கரண்ட் போச்சு. நம்ம பரோட்டா கடை ஜங்ஷன் சிக்னல் பேட்டரில ஓடிருக்கு, பத்தே நிமிஷம். அப்பறம் அணைஞ்சு, எரிஞ்சு, திரும்ப அணைஞ்சு. ஒரேடியா செத்துருந்தா கூட ஜனங்க ஊர்ந்து ஊர்ந்து போயிருப்பாங்கடா. பச்சை விழுந்துச்சேன்னு எக்ஸெல்ல ஒரு பால்காரர் ஏறி வர்றாரு, பாதி தாண்டுறதுக்குள்ள நாலு பக்கமும் இருட்டு, சைடு ரோட்டுக்காரன் சிக்னலே இல்லன்னு நெனச்சு விட்டுட்டான். கால் ஒடைஞ்சிருச்சு. உயிருக்கு ஒண்ணுமில்ல.

அந்த சிக்னல் பேட்டரி பொட்டியோட லாக்புக்ல மூணு வாரம் முன்னாடி 'பேட்டரி ஓகே'ன்னு கையெழுத்து போட்டது நான்.

மீட்டர்ல 13.6 காட்டுச்சு மச்சான். ஆனா மெயின்ஸ், அதான் லைன் கரண்ட், ஆன்ல இருக்கப்ப அது சார்ஜர் குடுக்குற வோல்டேஜ்தான, பேட்டரியோடதா? சொட்டை சார் சாக்பீஸ் விட்டெறிஞ்சு சொன்ன விஷயம். மறுநாள் தொறந்தா ஓரத்துல எறும்புப் புத்து, டெர்மினல்ல பச்சையா பூத்து கெடக்கு, மூடிய கழட்டுனா தண்ணி பிளேட்டுக்கும் கீழ, பிளேட்டு மேல விபூதி பூசுன மாதிரி வெள்ளை. 25 டிகிரிக்கு கணக்கு போட்ட பேட்டரி, பத்து டிகிரி கூடுனா ஆயுசு பாதி, அத மதுரை வெயில்ல தகரப் பொட்டிக்குள்ள வச்சா என்ன ஆகும்?

கணக்குப்படி ஆறு மணி நேரம் ஓடணும்டா. பன்னெண்டு எல்இடி விளக்கு ஒண்ணொண்ணு 12 வாட்டுனு வை, விளக்க மாத்துற கன்ட்ரோலரும் சேத்து 200 வாட்டுக்குள்ள. 12 வோல்ட் 100 ஏஹெச் (ஆம்பியர் அவர்) பேட்டரி ரெண்டு, பாதிக்கு மேல எறக்கக்கூடாதுன்னாலும் 1200 வாட் அவர் கைல நிக்கும். 2012 கரண்ட் கட்டு ஞாபகம் இருக்கா, நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல போகும், அப்ப எந்த பேட்டரி சொத்தைன்னு அன்னன்னிக்கே தெரிஞ்சிரும். இப்ப கரண்ட் ஒழுங்கா இருக்கு, சும்மா உக்காந்து உக்காந்தே சாவுது, நம்ம குண்டு மாதிரி.

நேத்துல இருந்து மீட்டர நம்புறதில்ல. மெயின்ஸ் சுவிட்ச் எம்சிபிய எறக்கிட்டு ஒரு மணி நேரம் பேட்டரில ஓட்டிப் பாக்குறேன். ஒம்போது ஜங்ஷன் பாத்ததுல மூணு அவுட்டு. டிராபிக் எஸ்ஐ கத்துறாரு, கம்பெனில டிஸ்டில்டு வாட்டர் பில்லுக்கே மூக்கால அழுவுறாங்க, பேட்டரிக்கு எங்க. அதான் கன்ட்ரோலர்ல ஒரு செட்டிங் யோசிச்சு வச்சிருக்கேன்: வோல்டேஜ் எறங்க ஆரம்பிச்சதும் மொதல்ல கவுன்ட்டவுன் டைமர கட் பண்ணணும், இன்னும் எறங்குனா மெயின் ரோட்டுக்கு மஞ்சள், சைடுக்கு சிவப்பு, வெறும் பிளிங்க்கிங். பாதி நேரம் விளக்கு அணைஞ்சே இருக்கும், சார்ஜும் நீளும். முக்கியமா, ஒருதடவ பிளிங்க்கிங்குக்கு போனா கரண்ட் வந்து நிலைக்கிற வரைக்கும் பச்சை விழவே கூடாது.

ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ போனேன். வாசல் வரைக்கும்தான். என்னன்னு சொல்லிட்டு உள்ள போறது சொல்லு?

மஸ்கட்ல டவர் பேட்டரி பாத்தவன்தான நீ, அந்த வெயில்ல லித்தியம் பாஸ்பேட் பேட்டரி தாங்குதா? காசு கூட ஆனாலும் வாதாடிப் பாக்குறேன். வாய்ஸ் அனுப்பு, டைப் பண்ணாத, உன் தமிழ படிக்க என்னால ஆகாது.