பெடோங் பறவை நண்பர்களுக்கு

வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள நம் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த தம்பி தங்கைகள், பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் செமெலிங் பக்கம் மெர்போக் ஆற்றங்கரைக்குப் போங்கள். நீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போனால், கண்டல் (சதுப்புநில) மரங்களின் வேர்களுக்கிடையே சேற்றில் கொக்குகள் இரை தேடும். மீன்கொத்தி நண்டைக் கவ்வி, கிளையில் அடித்து அடித்துத்தான் விழுங்கும். அதற்கே ஒரு காலைப்பொழுதைக் கொடுக்கலாம்.

இருவாச்சிப் பறவையைப் பார்க்க ஜெராய் மலைக்குப் போங்கள், உயரம் 1,217 மீட்டர். விடிந்ததும் ஏறுங்கள்.

அப்புறம், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிந்தால், அது எலி பிடிக்கும் கூகை ஆந்தைக்காக வைத்தது. தயவுசெய்து ஏறி எட்டிப் பார்க்காதீர்கள், முட்டையை விட்டுப் போய்விடும்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளும் வரும். தொலைநோக்கி இல்லாதவர்கள் சொல்லுங்கள், என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது.