மனு எழுதுவது என் தொழில், உங்களுடையது அல்ல

உதகமண்டலம், குன்னூர், கூடலூர் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு, இன்றிருப்பவர்களுக்கும் நாளை வரப்போகிறவர்களுக்கும், வணக்கம்.

கூடலூரில் ஓர் அரசு அலுவலக வாசலில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேலாக மனு எழுதித் தருகிறேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. இந்த நாலு சொல்லில் என் பிழைப்பு ஓடுகிறது. ஆடி மழையில் காகிதம் நமத்துப் போகும், பேனா ஓடாது. அப்போதும் ஆள் வருவது நிற்பதில்லை.

பேப்பரில் அடிக்கடி ஒரு படம் வரும். அமைச்சர் உட்கார்ந்திருப்பார். உறுப்பினர் சால்வை போர்த்திவிட்டு, லேசாகக் குனிந்து ஒரு மனுவை நீட்டிக்கொண்டு நிற்பார். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் படம் அதேதான். சால்வையின் கரை மட்டும் மாறும். தப்பாக நினைக்காதீர்கள், தொகுதிக்காகத்தான் நீட்டுகிறீர்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் தொழிலுக்குப் போட்டி வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

அரசியல் சாசனத்தில் அந்தப் படம் தலைகீழாக இருக்கிறது. 164ஆவது உறுப்பின் இரண்டாம் உட்பிரிவைப் பாருங்கள்: அமைச்சரவை சட்டப் பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. பேரவை என்றால் நீங்கள். பதில் சொல்ல வேண்டியவர் அவர், கேட்க வேண்டியவர் நீங்கள். ஆளுங்கட்சி உறுப்பினருக்கு இதில் விலக்கு ஒன்றும் கிடையாது.

பேரவையில் கேட்கத்தானே செய்கிறோம் என்பீர்கள். கேட்கிற விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். “அமைத்துத் தர அரசு முன்வருமா?” இது கேள்வியே இல்லை ஐயா, வாயால் கொடுக்கிற மனு. அதற்கு வருகிற பதிலை நானே எழுதித் தந்துவிடுவேன்: “கருத்துரு பரிசீலனையில் உள்ளது. நிதி நிலைக்கேற்ப ஆவன செய்யப்படும்.” நீங்கள் நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுகிறீர்கள். பரிசீலனை யார் மேசையில் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று ஒரு துணைக் கேள்வி போட்டால் அமைச்சர் பின்னால் திரும்பி அதிகாரிகளைப் பார்க்க வேண்டி வரும். அந்தத் திரும்பிப் பார்த்தலுக்காகத்தான் கேள்வி நேரத்தையே வைத்திருக்கிறார்கள்.

என்னிடம் ஓர் அம்மா வருவார். பிரிவு 17 நிலத்தில் வீடு. மின் இணைப்புக்கு இதுவரை பதினோரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடைசி மூன்றுக்குக் காசு வாங்கவில்லை. அவர் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். இப்போது பேரப்பிள்ளை டீக்கடையில் பத்து ரூபாய் கொடுத்து போனுக்கு சார்ஜ் போடுகிறான்.

பிரிவு 17 என்றால் கூடலூர், பந்தலூரில் யாருக்கும் விளக்க வேண்டாம். மேலே ஊட்டிப் பக்கம் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஜன்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள 1969இல் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. அவர்கள் தோட்டத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்த நிலம் அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் வருகிறது; அது யாருக்கு என்று முடிவாகாமல் கிடப்பதுதான் சிக்கல். நடைமுறைக்கு வர 1974 ஆனது. அதற்குள், 1972இல், அந்த எஸ்டேட்டுகளின் காட்டு நிலத்தை அரசு எடுப்பது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். நாடாளுமன்றம் 1974இல் முழுச் சட்டத்தையும் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்து, கோர்ட் தொட முடியாதபடி வேலி போட்டது. அப்படி வேலி போடலாமா என்று ஐ.ஆர். கோயலோ வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, 2007 ஜனவரி 11 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டத்தையும் அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் உரசிப் பார்க்கலாம், அதைக் குலைத்தால் செல்லாது என்றார்கள். அதிகாரங்கள் பிரிந்து நிற்பதும் அந்தக் கட்டமைப்பில் சேர்த்தி.

நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். அது எங்கள் ஊர் மண்ணில் முளைத்த வழக்கு. தீர்ப்பு பெரியதுதான், ஆனால் அந்த அம்மா வீட்டில் பல்பு எரியவில்லை. நீதிமன்றத்தைக் குறை சொல்லவில்லை. யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று எல்லை கட்டுவது அதன் வேலை, அதைச் செய்தது. எல்லைக்குள் நடக்க வேண்டியதை நடத்துவது அமைச்சரின் வேலை. நடந்ததா என்று பார்ப்பது உங்கள் வேலை.

அந்தக் கடைசி வேலை நடக்காத இடத்திலெல்லாம் கோர்ட் வந்து நிற்கிறது. டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் 2022இல் இந்த மலையில் தொடங்கியது, உயர் நீதிமன்றம் சொன்னதால். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ், அதுவும் உயர் நீதிமன்றம் சொன்னதால். அடுத்த வருடம் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று கணக்குப் போட்டுத் தந்ததும் நீதிபதிகளே. யானையின் காலில் பாட்டில் சில்லு குத்துவதையும், மே மாதத்தில் கல்லட்டி ஏற்றத்தில் வண்டி நகராமல் நிற்பதையும் பார்க்க நீதிபதியாக வேண்டுமா? நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் பேரவையில் கேட்டு வாங்கியிருக்க வேண்டியவை இவை. நீதிபதியைக் கூப்பிட்டு இ-பாஸில் கடைக்காரர் படும் பாட்டைச் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்லலாம்.

இதில் எனக்கு அதிகமாக உறுத்துவது ஒரு விளையாட்டு. பேரவையில் கேட்டால், “வழக்கு நிலுவையில் உள்ளது, கருத்துச் சொல்ல இயலாது.” கோர்ட்டில் கேட்டால், “இது அரசின் கொள்கை முடிவு, நீதிமன்றம் தலையிடக் கூடாது.” இரண்டும் தனித்தனியாக நியாயமான பேச்சு. சேர்த்து வைத்தால், எந்த வாசலில் நின்றாலும் அடுத்த வாசலைக் கை காட்டுகிறார்கள். அதிகாரப் பிரிவினை என்பது ஒருவரை ஒருவர் கண்காணிக்க ஏற்பட்டது. இங்கே அது ஒளிந்துகொள்ள மறைவாகிவிட்டது.

ஆளுங்கட்சிக்காரர் எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கிய விவகாரத்தை மக்களவையில் கிளப்பியவர் பெரோஸ் காந்தி. காங்கிரஸ்காரர், பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம்ம தமிழ்நாட்டுக்காரர் போனாரே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஆனால் கேட்டவர் எதிர்க்கட்சி இல்லை என்பதை மறக்காதீர்கள்.

உங்களிடம் கருவி இல்லாமல் இல்லை. பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அமைச்சர் அவையில் “செய்யப்படும்” என்று சொன்னால் அதைக் குறித்து வைத்து, செய்தாரா என்று துரத்துவதற்கென்றே ஏற்பட்ட குழு. பொதுக் கணக்குக் குழு இருக்கிறது, மனுக்கள் குழு இருக்கிறது. குழுக்கள் மலைக்கும் வருகின்றன. தாவரவியல் பூங்காவையும் தொட்டபெட்டாவையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, வந்தவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். எங்கள் பக்கம் நாடுகாணி வரைக்கும் ஒரு வண்டியை இறக்குங்கள். நான் எழுதிய மனுக்களின் நகல் கட்டுக் கட்டாக இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன்.

அடுத்த கூட்டத்தொடருக்கு ஒரு வினாவும் எழுதி வைத்திருக்கிறேன். காசு வேண்டாம். “கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பிரிவு 17 நிலத்தில் குடியிருப்போரில் மின் இணைப்புக் கேட்டுக் காத்திருப்போர் எத்தனை பேர், அவற்றுள் மிகப் பழைய விண்ணப்பத்தின் தேதி என்ன, அதன் மேல் கடைசியாகக் குறிப்பு எழுதிய அலுவலர் எந்தப் பதவியில் இருப்பவர், எந்த மாதத்துக்குள் முடிவு சொல்லப்படும்?”

இதில் எங்கேயும் ‘முன்வருமா’ இல்லை.

இப்படிக்கு,
மனு எழுதுபவன்,
கூடலூர், நீலகிரி.