ஈயக்குட்டையில் ஒரு முக்குளிப்பான்

பத்து காஜா

அன்புள்ள பார்வதி,

உன் கடிதம் கிடைத்தது. மகன் ஜொகூரில் வீடு வாங்கியதில் ரொம்பச் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை. டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். பசியாறுவதற்கு முன்னால் செம்பனைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஈயக்குட்டை, அதான் ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய குட்டை, அது வரை போய் வருகிறேன்.

அங்கே ஒரு முக்குளிப்பான் ஜோடி கூடு வைத்திருக்கிறது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உடம்பு, செங்கல் நிறக் கழுத்து, அலகோரம் மஞ்சள் பொட்டு. வாத்துக்குஞ்சு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இது வாத்து இனமே இல்லை. கால்விரல் ஒவ்வொன்றும் தனித்தனித் துடுப்பு. காலும் உடம்பின் கடைக்கோடியில் இருப்பதால் தண்ணீரில் ராஜா, தரையில் நாலு எட்டு வைக்கவே தடுமாறும்.

ஆள் அரவம் கேட்டால் பறக்காது. இறகுக்குள் இருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு, சலசலப்பில்லாமல் அப்படியே அமிழ்ந்துவிடும். 15, 20 விநாடி கழித்து, நாம் பார்க்காத பக்கம் தலை நீட்டும். சரியான கள்ளி!

கூட்டைத்தான் நீ பார்க்க வேண்டும். அழுகிய பாசியும் தண்டும் சேர்த்து நாணலில் கோத்த மிதவை அது. மழையில் தண்ணீர் ஏறினால் கூடும் ஏறும். இரைக்கு இறங்குமுன் அலகால் பாசியை இழுத்து இழுத்து முட்டைகளை மூடிவிடுகிறது. வெள்ளையாக இட்ட முட்டை, ஈரப்பாசி பட்டுப் பட்டுப் பழுப்பேறிவிடும். போன வாரம் ஓர் உடும்பு பக்கத்திலேயே நீந்திப் போனது. எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. உடும்புக்குக் கூடு வெறும் குப்பையாகத் தெரிந்திருக்கும்.

அடைகாப்பது ஏறக்குறைய 20 நாள். ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காரும். பொரித்த குஞ்சு, முகமெல்லாம் வரி வரியாக, தாய் தகப்பன் முதுகில் ஏறிச் சவாரி செய்யும். இந்த இனத்துக்கு இன்னொரு வினோதம், தன் இறகையே தின்னும். மீன்முள் குடலைக் குத்தாமல் இருக்கத்தான் என்கிறார்கள்.

1985இல் ஈய விலை விழுந்து, ஈயம் தோண்டிய லம்பங்கள் மூடப்பட்டபோது, ஊருக்கே விடிவில்லை என்று புலம்பினோமே. அந்தப் பள்ளங்களில்தான் இவை குடித்தனம் நடத்துகின்றன. இப்போது பக்கத்துக் குட்டையில் லாரி லாரியாக மண் கொட்டுகிறார்கள், வீடு கட்டப் போகிறார்களாம். வீடு வேண்டாம் என்று யார் சொன்னது? இருக்கிற மேட்டு நிலத்தில் கட்டினால் ஆகாதா?

அப்புறம், தீபாவளிக்குக் கட்டாயம் வா. விடிகாலையில் எழுந்தால்தான் கூட்டிப்போவேன். வெயில் ஏறினால் நாணலுக்குள் ஒதுங்கிவிடும். பேரனுடைய பைனாகுலரையும் எடுத்து வை.

அன்புடன்,
சரோஜா